வாரம் ஒரு காலை: பெங்களூருவில் சேவைக்குக் கிளம்பும் மாணவர்களுக்கு

ஓசூர் சாலையில் இருக்கும் கிறைஸ்ட் பல்கலைக்கழகம் சி.எம்.ஐ. எனும் கத்தோலிக்கத் துறவு சபையினருடையது. 1969இல் கல்லூரியாகத் தொடங்கி 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. லாங்ஃபோர்டு சாலையில் இருக்கும் செயின்ட் ஜோசப்ஸ் 1882இல் தொடங்கியது, 1937 முதல் இயேசு சபையினர் நடத்துகிறார்கள், 2022இல் பல்கலைக்கழகமானது. ஓசூர், தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து இங்கே படிக்கப் போகும் பிள்ளைகள் காதில் முதல் பருவத்திலேயே ‘அவுட்ரீச்’, ‘என்.எஸ்.எஸ்.’ என்ற சொற்கள் விழும். அவற்றைச் சான்றிதழுக்கான மணிக்கணக்காக முடித்துவிடாமல், ஒரு குடியிருப்புக்கு உண்மையில் பயன்படும் வேலையாகச் செய்ய முடியும். அதற்கான வழி இது.

முதலில் எந்த வாசல் வழியாகப் போவது என்று முடிவு செய்யுங்கள். கிறைஸ்டில் 1999இல் தொடங்கிய சமூகச் செயல்பாட்டு மையம் இருக்கிறது. அதன் தன்னார்வலர்கள் அருகிலுள்ள குடிசைப் பகுதிகளுக்குப் போகிறார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) உண்டு. காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று என்பது அதன் கணக்கு. ஆண்டுக்கு 120 மணி. தேர்வும் விடுமுறையும் போக முப்பது வாரம் கிடைத்தால், வாரத்துக்கு நான்கு மணி நேரம். ஒரு சனிக்கிழமைக் காலை போதும். கடைசி மாதத்தில் முகாம்களைத் தேடி ஓடி மணிக்கணக்கை நிரப்புகிறவர்களால் எந்த ஊருக்கும் பயனில்லை.

அடுத்தது இடம். நடந்தோ ஒரே பேருந்திலோ போய்ச் சேரும் தூரத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் மூன்றாவது வாரமே கால் பின்வாங்கும். ஓசூர் சாலையிலேயே ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ நடத்தும் முதியோர் இல்லம் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. தெருவோரக் குழந்தைகளுக்காக சலேசியர்கள் நடத்தும் ‘போஸ்கோ’, பார்வையற்றோருக்கான ‘சமர்த்தனம்’, ‘மித்ர ஜோதி’ எல்லாம் இதே நகரத்தில் இருப்பவைதான்.

முதல் நாள் கையில் எந்தத் திட்டமும் கொண்டுபோகாதீர்கள். “இங்கே என்ன குறை, யார் வந்தால் உதவியாக இருக்கும்?” என்று கேட்டு, பதிலை எழுதி வாருங்கள். ஓவியப் போட்டி நடத்தும் ஆசையோடு போயிருப்பீர்கள். அவர்களுக்குத் தேவைப்படுவது ரேஷன் கார்டு விண்ணப்பத்தை நிரப்பித் தரும் ஆளாக இருக்கும். பெங்களூருவின் குடிசைப் பகுதிகளிலும், தெருக் கூட்டும் பௌரகார்மிகர்களிலும் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. “அக்கா, சாப்பிட்டீங்களா?” என்று தொடங்கினால் பாதிக் கதவு திறந்துவிடும். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. பக்கத்து வீடு கன்னட வீடு. “ஊட்ட ஆய்த்தா?” (சாப்பாடு ஆயிற்றா?) என்று கேட்கவாவது முதல் மாதத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். மனு கொடுக்க, அதிகாரியிடம் பேசக் கன்னடம் இல்லாமல் முடியாது.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதுதான் எல்லாரும் எடுக்கும் வேலை. நல்லதுதான், ஆனால் ஒரே பிள்ளைக்கு வாரம் ஓர் ஆசிரியர் மாறினால் எதுவும் நிற்காது. ஒருவருக்கு நான்கு பிள்ளைகள், ஆண்டு முழுக்க அதே நால்வர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் எடுக்காத, ஆனால் மாணவரால் மட்டுமே நன்றாகச் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பார்வையற்றவருக்குத் தேர்வு எழுதித் தரும் ‘ஸ்கிரைப்’ வேலை. தேர்வுக் காலத்தில் ஆள் கிடைக்காமல் தவிப்பவர்கள் பலர். ஸ்கிரைப்பைத் தேர்வரே அழைத்து வந்தால், அவரது படிப்பு தேர்வரின் படிப்பைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்றது மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு நெறிமுறை. ஆகவே பட்டப்படிப்பில் இருக்கும் நீங்கள் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்கு எழுத முடியாது. அந்தந்தத் தேர்வின் விதியை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தருவார்கள். மூன்று மணித் தேர்வு நான்கு மணியாகும், அதற்கேற்பச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தேர்வுக்கு முன்பே தேர்வரைச் சந்தித்து அவர் பேசும் வேகத்துக்குப் பழக வேண்டும். கேள்வியை முழுதாக வாசித்து, அவர் கேட்டால் மறுபடியும் வாசியுங்கள். அவர் தவறாகச் சொன்னாலும் சொன்னபடியே எழுதுங்கள்; விடையைத் திருத்துவது உதவியாகாது, முறைகேடு. எழுதியதைக் கடைசியில் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

குடிமைப் பணி என்றால் குப்பை பொறுக்கிப் படம் எடுப்பது என்றாகிவிட்டது. வாக்குரிமையும் தகவல் உரிமையும் அதைவிடக் கனமானவை. விடுதியில் தங்கியிருக்கும் மாணவர் சொந்த ஊரிலோ படிக்கும் ஊரிலோ, ஏதாவது ஓரிடத்தில் வாக்காளராகலாம். படிக்கும் ஊர் என்றால், படிவம் 6உடன் கல்லூரித் தலைமையின் சான்று வேண்டும். இரண்டு இடத்திலும் பெயர் இருக்கக் கூடாது. பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எதில் 18 ஆகிறதோ அதற்குப் பிறகு பெயர் சேரும். உங்கள் வகுப்பில் ஒரு மேசை போட்டு இதைச் செய்துவிட்டு, பிறகு குடியிருப்புக்குப் போங்கள்.

2020 செப்டம்பரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பிறகு, பெங்களூருவின் வார்டுகள் பல ஆண்டுகள் கவுன்சிலர் இல்லாமலே ஓடின. 2025 செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. எந்தச் சாக்கடைக்கு எந்த அலுவலகம் என்றே மக்களுக்குக் குழப்பம். நீங்கள் அதைக் கண்டுபிடித்துச் சொல்வதே பெரிய உதவி. மனுவைக் குடியிருப்பவர்கள் பெயரில், அவர்கள் கையெழுத்தோடு, கன்னடத்தில் எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். கர்நாடகத்தில் ஒரு மனுவில் ஒரே விஷயம்தான், அதுவும் 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இரண்டு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். காப்பகத்தில் இருக்கும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது; ஆகவே அங்கே கேமரா வேண்டாம், ஸ்டேட்டஸ் வேண்டாம். ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1098க்கு அழையுங்கள், பொறுப்பாசிரியரிடமும் சொல்லுங்கள். இரண்டாவது, மதம். இயேசு சபைத் தலைவராக இருந்த பேத்ரோ அருப்பே 1973இல் வலென்சியாவில் பேசியபோது, பிறருக்காக வாழ்பவர்களை உருவாக்குவதே கல்வியின் நோக்கம் என்றார். அந்த வேர் இயேசு சபைக் கல்லூரிகளுக்கு உண்டு. ஆனால் உதவி பெறும் வீட்டில் ஜெபமோ துண்டுப் பிரசுரமோ நீங்கள் நீட்டக் கூடாது.

நீங்கள் போகும் குடியிருப்புக்கு ஏன் இந்த நிலை என்று யோசிக்கவும் நேரம் ஒதுக்குங்கள். திருச்சிக்காரரான இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி 1975 முதல் 1986 வரை பெங்களூருவின் இந்தியச் சமூக நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்து, சமூகத்தை ஆராய்ந்து பார்க்க இளைஞர்களைப் பழக்கினார். மாதம் ஒருமுறை குழுவாக உட்கார்ந்து, பார்த்ததைப் பேசி, காரணத்தைத் தேடுங்கள்.

தேர்வு வந்தால் எந்த வாரம் வரமாட்டீர்கள் என்று முன்பே சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டில் விலகும்போது, எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் நிற்கிறது, எந்த மனு எந்த அலுவலகத்தில் கிடக்கிறது என்று எழுதிய நோட்டை ஒரு ஜூனியர் கையில் கொடுத்து, அவரை இரண்டு வாரம் உடன் அழைத்துப் போங்கள். இந்தப் பருவத்தின் அட்டவணை கைக்கு வந்ததும் சனிக்கிழமைக் காலையைக் காலியாக வையுங்கள், திங்கட்கிழமையே என்.எஸ்.எஸ். அலுவலரைப் போய்ப் பாருங்கள்.