அடகுச் சீட்டைக் கேட்டு வாங்கு

அன்புத் தங்கைக்கு,

குடும்ப நல நீதிமன்றத்தில் முதல் வக்காலத்துப் போட்டுவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. உன்னிடம் வரும் பெண் கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதான்: "பாதிச் சொத்து எனக்கு வந்துடும்ல மேடம்?"

வராது என்று அன்றே சொல்லிவிடு. மணவாழ்வில் சேர்ந்ததையெல்லாம் சரிபாதியாகப் பிரிக்க இந்து திருமணச் சட்டத்தில் வழியில்லை. கோவாவில் போர்த்துகீசியர் காலத்துச் சிவில் சட்டம் இருப்பதால் அங்கே நிலைமை வேறு. இங்கே பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். 27ஆம் பிரிவு, கல்யாணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களோடு நின்றுவிடும். 25ஆம் பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம். அந்தத் தொகைக்குக் கணவரின் வீட்டையோ நிலத்தையோ பொறுப்பாக்கும்படியும் கேட்கலாம். இந்த இரண்டாவது கோரிக்கையை மனுவில் எழுத மறந்துவிடாதே.

நகைக்கு வருகிறேன். என் தொழிலின் இரண்டாம் வருடம், ஓர் அம்மாவுக்காக "40 பவுன் நகை" என்று ஒரே வரியில் மனு எழுதினேன். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், எத்தனை வளையல், எந்தக் கடை, யாரிடம் கொடுத்தீர்கள் என்று அடுக்கினார். அந்த அம்மாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நகை கிடைக்கவில்லை. தீர்ப்புக்குப் பிறகு ஒருநாள் பழைய கைப்பையிலிருந்து நான்கு அடகுச் சீட்டுகளை எடுத்துக் காட்டினார். எல்லாம் கணவர் பெயரில். "நீங்க கேக்கவே இல்லையே மேடம்" என்றார். இன்றும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது.

அதனால், சட்டப் புத்தகத்தைத் திறக்குமுன் கல்யாண ஆல்பத்தைத் திற. ஆரம் எது, நெக்லஸ் எது என்று உன்னிடம் வரும் பெண்ணையே விரல் வைத்துக் காட்டச் சொல். எந்த வளையல் எந்தச் செலவுக்காக அடகுக்குப் போனது, மீட்டார்களா, மூழ்கியதா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு எழுது. ஸ்திரீதனம், அதாவது கல்யாணத்தையொட்டிப் பெண்ணுக்கென்று வந்த நகையும் பொருளும், மனைவிக்கே உரியது, புகுந்த வீட்டில் இருப்பதாலேயே பொதுச் சொத்தாகிவிடாது என்று 1985லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024இல் கேரளப் பெண் ஒருவரின் 89 பவுன் வழக்கில், குற்ற வழக்கைப் போலக் கறாரான நிரூபணம் தேவையில்லை என்று சொல்லி 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. ஆனாலும் தீர்ப்புகளை மட்டும் நம்பி ஆவணங்களில் அசட்டையாக இருந்துவிடாதே.

2020 முதல், ஜீவனாம்ச வழக்கில் இருதரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். கணவருடையதை வரிவரியாகப் படி. வங்கிக் கணக்கோடு ஒப்பிடு. நிலத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார். உன் கட்சிக்காரரும் எதையும் மறைக்கக் கூடாது. அவள் ஒரு வைப்புத்தொகையை மறைத்தது வெளிப்பட்டால், அவள் சொன்ன உண்மைகளும் எடுபடாமல் போகும்.

இன்னொன்று. கணவர் சவுதியில் சம்பாதிக்க, மனைவி ஊரில் குடும்பம் பார்த்த ஒரு வழக்கில், 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் வாங்கிய சில சொத்துகளில் மனைவிக்குச் சரிபங்கு உண்டு என்றது. அது விவாகரத்து வழக்கல்ல. அதைக் காட்டியதும் எல்லா நீதிபதிகளும் பாதி கொடுத்துவிட மாட்டார்கள். ஆனால் சோறாக்கியதும் பிள்ளை வளர்த்ததும் மாமியாரின் படுக்கையை மாற்றியதும் ஒரு குடும்பத்தின் சேமிப்புதான் என்று ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்டிருக்கிறது. உன் மனுவில் அந்த வேலைகளுக்கு ஒரு முழுப் பத்தி கொடு, வருடக் கணக்கோடு.

சனிக்கிழமை மாலை அலுவலகத்தில்தான் இருப்பேன். அந்தப் பெண்ணை ஆல்பத்தோடு கூட்டி வா. பழைய கைப்பைகளையும் கொண்டுவரச் சொல்.

அன்புடன்,
அக்கா