இசையும் இருதயத்தின் நடையும்

ஆரோக்கியமான இருதயம் மணிக்கூட்டைப் போல ஒரே சீராகத் துடிக்கும் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. நிமிடத்திற்கு 60 தடவை துடிக்கும் இருதயத்திலும் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே சரியாக ஒரு செக்கன் இருப்பதில்லை; சற்றுக் கூடும், சற்றுக் குறையும். மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு விரைவடையும், வெளிவிடும்போது தளரும். மணிக்கட்டில் விரலை வைத்து ஆறுதலாக மூச்சு விட்டுப் பார்ப்பவர் இதனைத் தாமே உணரலாம். வேகஸ் என்னும் நரம்பு இருதயத்துக்குக் கடிவாளம் போல அமைந்து, மூச்சுக்கேற்ப இறுக்கியும் தளர்த்தியும் விடுவதே காரணமாகும். வைத்தியர்கள் இதனை இருதயத் துடிப்பு மாறுபாடு என்பர்.

இம்மாறுபாடு குறைவது நல்லதன்று. மாரடைப்பிலிருந்து தப்பிய 808 பேரைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு 1987 இல் வெளிவந்தது. மாறுபாடு மிகக் குறைந்தோர் இறக்கும் வாய்ப்பு, அது நிறைந்திருந்தோரைவிட ஐந்து மடங்குக்கு மேலாக இருந்தமை அதில் தெரியவந்தது.

இனி இசைக்கு வருவோம். இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி என்னும் வைத்தியரும் அவரது குழுவினரும் 2006 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இசைவாணர் 12 பேரும் இசை பயிலாதோர் 12 பேரும் ஆறு வகை இசையைக் கேட்டனர். அவற்றுள் இந்திய இராகமும் ஒன்று. விரைவான இசையின்போது மூச்சும் நாடியும் குருதி அமுக்கமும் ஏறின. இசையின் இடையே இரண்டு நிமிட மௌனமும் விடப்பட்டது. அந்த மௌனத்திலேதான் இவை மூன்றும், இசை தொடங்குமுன் இருந்த அளவிலும் கீழே இறங்கின! விரைவுப் பாடல்களை இடைவெளியின்றி ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு மன அமைதி தேடுவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அதே பெர்னார்டி குழுவினர் 2001 இல் 23 பேரைக் கொண்டு செய்த சோதனை இன்னும் சுவையானது. கத்தோலிக்கரின் செபமாலையை இலத்தீனில் சொன்னபோதும், பௌத்த மந்திரம் ஒன்றை உச்சரித்தபோதும், மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. குருதி அமுக்கத்தில் இயல்பாகவே பத்துச் செக்கனுக்கு ஒரு முறை எழுந்து தாழும் அலை ஒன்று உண்டு. மூச்சு அதனோடு ஒத்துப்போக, அமுக்கத்தைச் சமன்செய்யும் நரம்புச் செயற்பாடும் கூர்மையடைந்தது. சமயங்கள் வேறாயினும் மூச்சின் கணக்கு ஒன்றாகவே இருந்தது.

இவை நோயற்ற சிலரிடம் குறுகிய நேரம் செய்யப்பட்ட சோதனைகள். ஆகவே இசை கேட்கிறோம் என்று மாத்திரையை நிறுத்துவதோ கிளினிக் செல்லாமல் விடுவதோ உயிருக்கே ஆபத்தாகும்.

சேர்ந்து பாடுவோர் பற்றியும் 2013 இல் சுவீடனில் ஆராய்ந்தனர். ஒன்றாகப் பாடிய இளைஞரின் நாடிகள் ஒன்றாகவே ஏறி இறங்கின. எல்லோரும் பாட்டின் அடி முடியுமிடத்தில் ஒருமித்து மூச்செடுத்ததே அதற்குக் காரணம்.