சொத்தைப் பல்: காப்பாற்றுவதா, பிடுங்குவதா?

கடைவாய்ப் பல் வலியில் இரவெல்லாம் தூங்காதவர் மருத்துவரிடம் கேட்பது ஒன்றுதான்: “பிடுங்கிடுங்க டாக்டர்.” ஆனால் உயிர்போக வலிக்கும் பல்லையும் பல நேரம் காப்பாற்றிவிடலாம், வலியே தெரியாத பல் பிடுங்க வேண்டிய நிலையில் இருக்கலாம். மிச்சமிருக்கும் பல்லையும் அதைத் தாங்கும் எலும்பையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சொத்தை எவ்வளவு ஆழம்?

ஐஸ் தண்ணீர் பட்டதும் சுள்ளென்று கூசி, சில நொடிகளில் அடங்கினால் பெரும்பாலும் நரம்பு நலமாக இருக்கிறது. சொத்தையைச் சுரண்டி அடைத்தால் போதும். கூச்சம் நிமிடக்கணக்கில் நீடித்தாலோ, படுத்ததும் விண்விண்ணென்று தெறித்தாலோ நரம்பு பெரும்பாலும் மீளாது. நரம்பு செத்துவிட்டால் ஐஸ் வைத்தாலும் கூசாது. அப்போது எக்ஸ்ரேயில் வேர்நுனியில் கருநிழல் தெரியலாம். இந்த நிலைக்கு வந்த பல்லுக்கு ஆன்டிபயாடிக் மட்டும் தீர்வாகாது. வேர் சிகிச்சை அல்லது பிடுங்குவது, இரண்டில் ஒன்றுதான்.

வேர் சிகிச்சை யாருக்கு?

ஈறுக்கு மேல் சுற்றிலும் சுமார் 2 மி.மீ. நல்ல பல் மிஞ்சியிருந்து, பல் ஆடாமல், எலும்பும் உறுதியாக இருந்தால் வேர் சிகிச்சையே முதல் தேர்வு. வேர்க்குழல்களைச் சுத்தம் செய்து அடைத்தபின் பல்லை மூடும் கேப் போடுவார்கள். ‘வலிதான் போயிடுச்சே’ என்று கேப்பைத் தள்ளிப்போடாதீர்கள். முறுக்கு கடிக்கும்போது பல் வேர்வரை பிளந்துவிட்டால், பிடுங்குவதைத் தவிர வழியிருக்காது.

பிடுங்கினால் அடுத்து?

ஞானப்பல் போன இடத்தை அப்படியே விடலாம். மற்ற கடைவாய்ப் பல் போனால், நாளடைவில் பக்கத்துப் பல் சாயலாம், எதிர்ப் பல் அந்த இடைவெளிக்குள் நீளலாம். இடைவெளியை நிரப்ப மூன்று வழிகள்:

* கழற்றி மாட்டும் பல்செட்: செலவு குறைவு. பல பற்கள் இழந்தவருக்கும் பொருந்தும். கடிக்கும் பலம் குறைவு. தினமும் கழற்றிக் கழுவ வேண்டும்.
* பிரிட்ஜ்: இருபுறப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல். கழற்றத் தேவையில்லை. ஆனால் இருபுறப் பற்களையும் செதுக்க வேண்டும். அவற்றுக்கும் கேப் தேவைப்பட்டால் இது நல்ல தேர்வு. சொத்தையில்லாத பற்களாக இருந்தால் யோசியுங்கள்.
* இம்ப்ளான்ட்: பக்கத்துப் பற்களைத் தொடுவதில்லை. தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு எலும்போடு ஒட்டப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். செலவு அதிகம். புகைப்பவருக்கும் சர்க்கரை கட்டுப்படாதவருக்கும் தோற்கும் வாய்ப்பு கூடுதல்.

நாற்காலியில் உட்காரும் முன்

ரத்தம் உறையாமலிருக்கவோ எலும்புத் தேய்மானத்துக்கோ மருந்து எடுப்பவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லி, எலும்பு எவ்வளவு இருக்கிறது, கேப் சேர்த்து மொத்தச் செலவு என்ன என்று கேளுங்கள். செலவு கட்டுப்படியாகாவிட்டால், பிடுங்கச் சொல்வதற்கு முன் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருமுறை காட்டுங்கள்.

இத்தனை யோசனையும் முகம் வீங்காதவரைதான். வீங்கி, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.