"ஒன்னுமில்லை" என்று சொல்லாதே

அன்புள்ள கதிருக்கு,

ஒடுகத்தூர் ஆட்டுச்சந்தையில் அக்காவுக்கு நெஞ்சடைத்ததை எழுதியிருந்தாய். உடம்பெல்லாம் வேர்த்து, மூச்சு முட்டி, "செத்துடுவேன்டா" என்று உன் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாளாம். பத்து நிமிடத்தில் உச்சிக்குப் போய், அரைமணியில் அடங்கியிருக்கிறது. ஈசிஜி சரியாக இருந்ததால் டாக்டர் "ஒன்னுமில்லை" என்றார். அம்மா வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போனாள். மூன்றாம் முறை வந்தபோது வீட்டில் ஒருவரும் எழுந்து வரவில்லை.

அக்காவுக்கு வந்திருப்பது பீதி நோய் மாதிரித்தான் தெரிகிறது. ஆபத்தே இல்லாத நேரத்தில் உடம்பு உயிர் தப்ப ஓடத் தயாராகிவிடும். நடிப்பல்ல, காத்துக்கருப்பும் அல்ல.

'சாவுக்கு இவ்வளவு பயப்படுகிறவள் தன்னை ஏதாவது செய்துகொள்வாளா மாமா?' என்று கேட்டிருக்கிறாய். செய்துகொள்ளலாம். அமெரிக்காவில் ஐந்து இடங்களில் 18,011 பேரிடம் திரட்டிய விவரங்களை வைத்து மிர்னா வைஸ்மேன் என்ற ஆய்வாளரின் குழு 1989-இல் எழுதியது: பீதி நோய் கண்டவர்களில் ஐந்தில் ஒருவர் எப்போதாவது தற்கொலைக்கு முயன்றிருந்தார். கூடவே இருந்த மனச்சோர்வும் குடியும்தான் காரணம் என்று பின்னால் பலர் வாதாடினார்கள். வாதம் எப்படியோ போகட்டும். அடுத்தது எப்போது வருமோ என்று சந்தையை விட்டு, பஸ்ஸை விட்டு, தூக்கத்தையும் விட்டவளை வீடும் நம்பவில்லை என்றால் மனச்சோர்வு வர எத்தனை நாளாகும்? அவள் சாவைத் தேடவில்லை. இது நின்றால் போதும் என்கிறாள்.

நம் வேலூர் மாவட்டத்துக் கணக்கும் ஒன்று உண்டு. கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பார்த்ததில், 10 முதல் 19 வயதுப் பெண்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பேர் தற்கொலையில் போயிருந்தார்கள். அது பீதி நோய்க் கணக்கல்ல. ஆனால் அக்காவுக்கும் வயது பத்தொன்பதுதான்.

அதனால் நேராகவே கேள்: "செத்துடலாம்னு தோணுதாக்கா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் திட்டாதே, சத்தியம் வாங்காதே, தனியாகவும் விடாதே. மாட்டுக்கொட்டகையில் இருக்கும் பூச்சிமருந்தை அன்றே அப்புறப்படுத்து. அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

பீதி நோய்க்கு வைத்தியம் உண்டு. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் பாகாயத்தில் சி.எம்.சி.யிலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். முதல் நாட்களில் படபடப்பு கூடினாலும் தானாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் சொல்ல வேண்டும். பயத்தைப் பழக்கிக் கரைக்கும் பேச்சு சிகிச்சையும் உண்டு.

இந்த வெள்ளிக்கிழமை சந்தைக்கு அப்பா போகட்டும். நீ அக்காவோடு காலை பஸ்ஸில் ஏறு. வேலூரில் நான் நிற்கிறேன்.

உன் மாமா