புத்தகம் எழுதப் போறீங்களா? முதல்ல கூறு கட்டுங்க!



எங்க தாத்தா எங்க ஊர் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர். நீர்க்கட்டி என்றால் மதகைத் திறந்து, வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவர். அவர் சொல்வதை எல்லாம் ஒரு புத்தகமாக எழுதணும்னு போன வருஷம் 80 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதி 46 பக்கம் முடித்து, தமிழம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா மதகை எப்படித் திறப்பாங்கன்னு எங்கேயுமே இல்லையேம்மா?" என்று கேட்டாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தேன். மதகு என்ற சொல் 31 இடத்தில் இருக்கிறது. திறக்கிற விதம் ஒரு வரி கூட இல்லை!

மறுநாள் அம்மா நன்னூல் பாயிரத்தை எடுத்துக் காட்டினாங்க. நன்னூல் என்றதும் புணர்ச்சி விதி ஞாபகம் வந்து நாம் எல்லோரும் பயப்படுவோம். ஆனால் பவணந்தி முனிவர் அதன் தொடக்கத்தில் ஒரு நூல் எப்படி இருக்கணும்னு சொல்லி, பத்துக் குற்றம், பத்து அழகு என்று பட்டியலே தந்திருக்கிறார். குற்றங்களை என் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மதகு எப்படித் திறக்கும் என்று சொல்லாமல் விட்டது குன்றக் கூறல். ஏரி கோடி விட்ட கதையை மூன்று இடத்தில் எழுதியது கூறியது கூறல். ஏரியில் ஆரம்பித்து அத்தை கல்யாணத்துக்குப் போய்விட்டேன், அது மற்றொன்று விரித்தல். கடைசி எட்டுப் பக்கம் சென்று தேய்ந்து இறுதல். பத்தில் நான்கு! அழகுகளில் ஒன்று முறையின் வைப்பு. அதாவது எதை எதற்குப் பின் வைப்பது என்கிற வரிசை. அதுதான் என்னிடம் சுத்தமாக இல்லை.

ஒரே இன மணிகளை வரிசையாகக் கோர்ப்பது போல ஒரே இனப் பொருளை ஓரிடத்தில் வைத்தால் அதற்கு ஓத்து என்று பெயராம். திருக்குறளைப் பாருங்கள். அறத்துப்பால் 38, பொருட்பால் 70, இன்பத்துப்பால் 25, ஆக 133 அதிகாரம். நட்பைப் பற்றி மட்டும் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரம் அடுத்தடுத்து வருகிறது. நட்பு என்றால் என்ன, எப்படி ஆராய்ந்து சேர்வது, பழகிய நட்பின் உரிமை, தீய நட்பு, உள்ளே ஒட்டாத நட்பு. ஒன்றைப் போலத் தெரிகிற விஷயத்தை ஐந்து கூறாகப் பிரித்திருக்கிறார். சந்தையில் கத்தரிக்காயைக் கூறு கட்டி வைப்பது போலத்தான்.

நானும் கூறு கட்டினேன். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், தாளுக்கு ஒரு விஷயம் மட்டும் எழுதினேன். மொத்தம் 58 தாள். (இரண்டு தாளை என் தம்பி கப்பல் செய்துவிட்டான். அது கணக்கில் இல்லை.) திண்ணையில் பரப்பி, காற்றில் பறக்காமல் இருக்க மேலே புளியங்கொட்டை வைத்தேன். எந்தக் கூறை முதலில் வைப்பது? இரண்டு நாள் புரியவே இல்லை. வயசு வரிசையில் வைத்தேன், சரிவரவில்லை. கடைசியில் தண்ணீர் போகிற வழியிலேயே வைத்தேன். வரத்துக்கால், கரை, மதகு, வாய்க்கால், வயல், மிச்சம் வழிகிற கலங்கல். தாத்தா வேலையும் கூலியும் தனிக் கூறு. பஞ்ச வருஷம் தனிக் கூறு. அத்தை கல்யாணத்தை மனசே இல்லாமல் எடுத்து வைத்துவிட்டேன். அது வேறு புத்தகம்.

அப்போதுதான் ஒன்று தெரிந்தது. கரைக்கு 14 தாள், கலங்கலுக்கு 11. கூலிக்கு ஒன்றே ஒன்று. பஞ்சத்துக்குத் தலைப்புத் தாள் மட்டும், கீழே ஒன்றுமே இல்லை. நோட்டில் எழுதும்போது இந்தப் பள்ளம் கண்ணில் படவில்லை. பக்கம் நிறைந்தால் எல்லாம் எழுதிவிட்ட மாதிரி இருந்தது.

இந்தத் தை மாதம் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது பத்து நிமிஷம் பேசினாலே வாய் குழறுகிறது. முன்னே மாதிரி "அப்புறம் தாத்தா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார முடியாது. அதனால் காலியான இடங்களுக்கு மட்டும் ஐந்து கேள்வி எழுதி, நாளைக்கு ஒன்று என்று கேட்டேன். மதகுக்கு, "ரெண்டு கல் தூணு, நடுவுல கம்பு. கம்பு அடியில கட்டை. அது தூம்பை அடைச்சிருக்கும். கம்பைத் தூக்குனா தண்ணி" என்று கையாலும் காட்டினார். கூலிக்கு, அறுப்பு முடிந்ததும் களத்திலேயே நெல் அளந்து கொடுப்பார்கள் என்றார். முதல் நோட்டில் இதைக் கேட்க எனக்கு ஒரு வருஷம் இருந்தது.

பஞ்சத்தைக் கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டார். "பாட்டியைக் கேளு பாப்பா" என்றார். பாட்டி இன்னும் சொல்லவில்லை. அந்தக் கூறில் தலைப்புத் தாள்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது நம் ஏரி வறண்ட வருஷம் பற்றிச் சொன்னால், ஒரு தாளில் எழுதி 9-ஆம் வகுப்பில் என்னிடம் கொடுக்கவும். தாளுக்கு ஒரு விஷயம் மட்டும், ப்ளீஸ்.

– 9-ஆம் வகுப்பு மாணவி