கரண்ட் போகுமுன் முடிக்கிற வேலை

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. மட்டக்களப்புப் பக்கம் தேற்றாத்தீவில் வீட்டிலிருந்தபடி கொழும்புக்குக் கோட் எழுதிக்கொண்டிருந்த எனக்கு, லப்டொப்பில் பற்றரி இருக்கும் வரைதான் அலுவலக நேரம். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பற்றரி கோட் எழுதிக் கரையவில்லை. மவுஸைப் பிடித்து போல்டருக்குள் போல்டராகத் திறந்தே கரைந்துகொண்டிருந்தது.

மவுஸை விட்டுக் குறுக்குவிசைகளுக்கு மாறினால் வேகம் கூடும். ஆனால் வேகத்துக்கு முன் காப்பைப் பாருங்கள். மைக்ரோசொஃப்டின் விசுவல் ஸ்டூடியோ கோட் எடிட்டரைக் கணினியில் நிறுவியதும் தானாகச் சேமிக்கும் வசதி அணைந்துதான் இருக்கும். ஃபைல் மெனுவில் 'ஓட்டோ சேவ்' என்பதை இன்றே போட்டுவிடுங்கள். சேமிக்கும்போதெல்லாம் எடிட்டர் பழைய வடிவத்தையும் எடுத்து வைக்கும். இடப்பக்கப் பட்டியின் அடியில் 'டைம்லைன்' என்று இருப்பதைத் திறந்தால் காலையில் அழித்த வரிகள் மாலையில் கிடைக்கும். இந்த வசதி வந்ததும் அதே 2022 மார்ச் பதிப்பில்தான். எங்கள் மின்வெட்டு மைக்ரோசொஃப்ட்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை! கிட் பாவிப்பவர்களுக்கு ஒரு சொல்: கொமிட் போட இணையம் வேண்டாம். சிக்னல் வந்தபிறகு புஷ் பண்ணலாம்.

இனிக் கை வேகத்துக்கு வருவோம். ஒரு கோப்பைத் தேடிப் பக்கப்பட்டி முழுக்க உருட்டுவது, எங்கள் ஊரிலிருந்து களுவாஞ்சிகுடிக்குப் போகிறவர் எதிர்த்திசையில் போகும் மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறுவது மாதிரி. கொன்ட்ரோல்+பி அழுத்தி, கோப்பின் பெயரில் மூன்று நான்கு எழுத்து தட்டினால் போதும். கொன்ட்ரோல்+ஷிஃப்ட்+பி அழுத்தினால் எடிட்டரின் கட்டளைகள் எல்லாம் ஒரே பெட்டியில் வரும். ஒவ்வொன்றுக்கும் குறுக்குவிசை இருந்தால் அது பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஆகவே இந்த ஒரு விசைதான் மற்ற விசைகளுக்கு வாத்தியார். ஐம்பது விசைகள் அச்சடித்த தாளைச் சுவரில் ஒட்டி எவரும் கற்றதாக நான் காணவில்லை.

அதிகம் பேர் சறுக்குவது பெயர் மாற்றுகிற இடத்தில். கொன்ட்ரோல்+டி அடுத்தடுத்து வரும் அதே சொல்லைப் பிடித்து, எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் எழுத விடும். ஆனால் அது எழுத்தைப் பார்க்குமே தவிரப் பொருளைப் பார்க்காது. 'ஐடி' என்ற மாறியை நீங்களே இழுத்துத் தெரிவு செய்துவிட்டு அழுத்தினால், அகலத்தைக் குறிக்கும் 'விட்த்' என்ற ஆங்கிலச் சொல்லின் வயிற்றுக்குள் கிடக்கும் ஐ, டி இரண்டையும் அது பிடித்துவிடும். இழுக்காமல், சொல்லின் மேல் கர்சரை மட்டும் வைத்துத் தொடங்கினால் முழுச்சொல்லை மட்டுமே தேடும். இந்தச் சின்ன வித்தியாசம் தெரியாமல் நான் ஒரு முழு இரவைத் தொலைத்திருக்கிறேன். மாறி, செயற்கூறு போன்றவற்றின் பெயரை மாற்ற எஃப்2தான் சரி. அது மொழியின் இலக்கணம் அறிந்து, வேறு கோப்புகளில் உள்ளதையும் சேர்த்தே மாற்றும். ஜாவாஸ்கிரிப்டுக்கு இது எடிட்டரோடேயே வருகிறது. பைதனுக்கு அதற்கான நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) போட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழில் செயலி செய்கிறவர்களுக்குத் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. எடிட்டரில் ஆங்கில எழுத்துகள் ஒரே அகலம். தமிழ் எழுத்துகள் அப்படியல்ல. மவுஸால் நெடுக இழுத்து நிரலாகத் தெரிவு செய்தால் கோணிக்கொண்டு போகும். அங்கே கொன்ட்ரோல்+டிதான் கைகொடுக்கும். தமிழ் விசைப்பலகை போட்டிருக்கையில் சில குறுக்குவிசைகள் பேசாமல் இருந்தால் எடிட்டரைத் திட்டாதீர்கள்; முதலில் விண்டோஸ்+ஸ்பேஸ் அழுத்தி மொழியை மாற்றிப் பாருங்கள்.

1976இல் பில் ஜோய் எழுதிய விஐ எடிட்டரின் வழிவந்த விம் பக்கம் தாவச் சொல்லி நண்பர்கள் நச்சரிப்பார்கள். நல்ல கருவிதான். ஆனால் வேலை ஒப்படைக்க வேண்டிய கிழமையில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நீட்சிகளில் கஞ்சத்தனம் நல்லது, பழைய லப்டொப்பில் இன்னும் நல்லது. எடிட்டர் திணறினால் கட்டளைப் பெட்டியில் 'எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' என்று தேடுங்கள். அது நீட்சிகளில் பாதியை அணைத்து, கோளாறு போயிற்றா என்று கேட்கும். பிறகு அதிலும் பாதி. 32 நீட்சிகள் இருந்தாலும் ஐந்தாறு கேள்விகளில் குற்றவாளி அகப்படும்.

பழகுவதற்கு என் வழி இதுதான். கிழமைக்கு இரண்டு விசைகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டுவேன். அந்தக் கிழமை அந்த இரண்டு வேலைக்கும் மவுஸைத் தொடமாட்டேன். காகிதத்தைப் பார்க்காமலே விரல் போகத் தொடங்கினால் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த இரண்டை எழுதுவேன்.