கறுப்பினச் சக ஊழியருக்காகக் குரல் கொடுப்பது எப்படி?

அமெரிக்க வேலையிடங்களில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் முதன்மையான சட்டம், 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பகுதி. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அது பொருந்தும். பாதிக்கப்பட்டவரோடு, அவருக்காகப் பேசும் சக ஊழியரையும் அது காக்கிறது. இந்த இரண்டாவது பாதுகாப்பு பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் எப்போது, யாரிடம், எந்தச் சொற்களில் பேசுவது என்று தயங்கியே பேசாமல் விட்டுவிடுவதுண்டு. பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அதன் படிகள் பின்வருமாறு.

1. பாகுபாட்டை அடையாளம் காணுதல்

வெளிப்படையான வசை எவர் காதிலும் விழும். பழக்கம் தேவைப்படுவது மற்றவற்றைக் கண்டுகொள்ளத்தான். அலபாமா மாநிலத்தின் ஒரு கோழி பதப்படுத்தும் ஆலையில் பதவி உயர்வு மறுக்கப்பட்ட இரண்டு கறுப்பினத் தொழிலாளர்களை, ஆலை மேலாளர் 'பாய்' என்று அழைத்துவந்தார். பையன் என்பதுதான் அதன் பொருள். வளர்ந்த ஆண்களை அப்படி அழைத்துச் சிறுமைப்படுத்தும் வழக்கம் அடிமைமுறைக் காலத்தது. அந்த ஒற்றைச் சொல்லும் இனப்பகைக்குச் சான்றாகலாம், சொன்ன தொனி, இடம், உள்ளூர் வழக்கு, வரலாறு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் கூறியது.

பெயரும் தடையாகும். பொருளியலாளர்கள் மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஏறத்தாழ 5,000 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். எமிலி, கிரெக் போன்ற பெயர்களுக்கு வந்த அழைப்புகள், லகீஷா, ஜமால் போன்ற பெயர்களுக்கு வந்தவற்றைவிட 50 சதவீதம் அதிகம் என்று 2004-ல் வெளியான அவர்களுடைய ஆய்வு காட்டியது. தலைமுடியும் அப்படித்தான். சடைமுடி, பின்னல் ஆகியவற்றைக் காரணம் காட்டி வேலை மறுப்பதைத் தடுக்க, 2019-ல் கலிபோர்னியா முதன்முதலாகத் தனிச் சட்டம் இயற்றியது. வேறு பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின.

2. சம்பந்தப்பட்டவரிடம் முதலில் கேட்டல்

ஒருவருடைய அவமானத்தை அவரைக் கேட்காமல் ஊரறியச் செய்வது இரண்டாவது அவமானம். அவர் வேறு வேலை தேடிக்கொண்டிருக்கலாம், வழக்கறிஞரைப் பார்த்திருக்கலாம், இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்று நினைக்கலாம். "கூட்டத்தில் நடந்ததை நானும் பார்த்தேன். நான் ஏதாவது சொல்ல வேண்டுமா, சாட்சியாக மட்டும் இருந்தால் போதுமா?" என்று தனியே கேட்பது நல்ல தொடக்கம். முடிவு அவருடையது. இனவெறி என்றால் என்ன என்று விளக்கும் பொறுப்பை அவர்மீது சுமத்தக் கூடாது. அதை நூல்களிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

3. அந்த இடத்திலேயே பேசுதல்

சில செயல்களுக்கு உடனடிச் சொல்லே மருந்து. அதற்கும் நீண்ட பேச்சு தேவையில்லை. கூட்டத்தில் ஒரு கறுப்பினப் பொறியாளர் ஒரு யோசனை சொல்கிறார்; யாரும் கண்டுகொள்ளவில்லை. பத்து நிமிடம் கழித்து இன்னொருவர் அதையே சொல்ல, பாராட்டு அவருக்குப் போகிறது. அப்போது, "இதைச் சற்று முன்பு அவர்தான் சொன்னார். அவரே மேலும் விளக்கட்டும்" என்றால் போதும். யோசனை உரியவரிடம் திரும்பும். பேச்சும் அவர் கைக்கு வரும்.

இனத்தைத் தொட்டு யாரேனும் கேலி பேசினால், "இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லையே" என்று அமைதியாகக் கேட்கலாம். பேசியவரை 'இனவெறியர்' என்று சொன்னால், அதன்பின் வாதம் அவருடைய குணத்தைப் பற்றியதாகிவிடும். அவர் சொன்ன சொல்லைப் பற்றி மட்டும் பேசுவதே பயன் தரும்.

4. எழுதிவைத்தல்

நினைவு மங்கும், தேதி குழம்பும். அன்றைக்கே எழுதிய குறிப்புதான் நிற்கும். "மேலாளர் அவரை மோசமாக நடத்துகிறார்" என்பது கருத்து. "செவ்வாய் காலை 10.20, இரண்டாம் மாடிக் கூட்ட அறை, வாடிக்கையாளர் முன் அந்தத் தலைமுடியோடு நிற்காதே என்று மேலாளர் சொன்னார், உடனிருந்தவர்கள் மூவர்" என்பது சான்று. நாள், நேரம், இடம், சொன்ன சொற்கள் அப்படியே, இருந்தவர்கள் ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். கேட்டதையும் ஊகித்ததையும் கலக்கக் கூடாது. நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புவதும் தவறு. அதையே காரணமாக்கி வேலையைவிட்டு நீக்க முடியும்.

5. உரிய இடத்தில் முறையிடுதல்

யாரிடம் புகார் தருவது என்பதை நிறுவனத்தின் ஊழியர் கையேடு சொல்லும். பொதுவாக அது மேலாளர் அல்லது ஹெச்.ஆர். எனப்படும் மனிதவளத் துறை. வாய்மொழியாகச் சொன்னாலும், அதே நாளில் ஒரு சிறு மின்னஞ்சலாகவும் அனுப்பிவிட வேண்டும்.

இங்கே ஒரு சொல் மிக முக்கியம்: 'இனம்'. "அவருக்கு அநியாயம் நடக்கிறது" என்று மட்டும் எழுதினால், அது பொதுவான மனக்குறையாகக் கருதப்பட்டு, சட்டப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். "அவர் கறுப்பினத்தவர் என்பதால் இப்படி நடத்தப்படுகிறார் என்று நம்புகிறேன், காரணங்கள் இவை" என்று எழுதினால், அது சட்டம் காக்கும் எதிர்ப்பு. நியாயமான, நேர்மையான நம்பிக்கை இருந்தால் போதும். பாகுபாட்டை நிரூபித்தாக வேண்டும் என்பதில்லை.

6. கெடுவைக் கவனித்தல்

உள்ளே நியாயம் கிடைக்காவிட்டால் அடுத்த வாசல், இ.இ.ஓ.சி. எனப்படும் சம வேலைவாய்ப்பு ஆணையம். சம்பவம் நடந்த 180 நாட்களுக்குள் அங்கே புகார் பதிவாக வேண்டும். மாநில அல்லது உள்ளூர் அமைப்பும் அத்தகைய சட்டத்தை அமல்படுத்தும் இடங்களில் கெடு 300 நாட்கள். நிறுவனத்துக்குள் விசாரணை நடந்துகொண்டிருந்தாலும் இந்தக் கணக்கு நிற்காது. இது தெரியாமல் உரிமையை இழந்தவர்கள் உண்டு. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைக் காக்க, அவர் சார்பில் இன்னொருவரும் புகாரைப் பதிவுசெய்யலாம்.

சிறு நிறுவனங்களில் இருப்போருக்கு 1866-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் துணை. உள்நாட்டுப் போருக்குப் பின், அடிமைமுறையிலிருந்து விடுதலை பெற்றவர்களுக்காக இயற்றப்பட்ட அதற்கு ஊழியர் எண்ணிக்கை வரம்பு கிடையாது.

7. பழிவாங்கலுக்கு ஆயத்தமாக இருத்தல்

ஆணையத்துக்கு வரும் புகார்களில் அண்மை ஆண்டுகளில் மிகுதியாகக் காணப்படுவது பழிவாங்கல் குற்றச்சாட்டுதான். எனவே அச்சம் வீணல்ல. ஆனால் சட்டமும் வெறுங்கையோடு இல்லை. நிறுவனம் நடத்தும் விசாரணையில் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவரும் பாதுகாக்கப்பட்டவரே என்று 2009-ல் நாஷ்வில் நகர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கறுப்பினச் சக ஊழியர் நீக்கப்பட்டது இனக் காரணத்தால்தான் என்று முறையிட்டதற்காகத் தன்னையும் நீக்கினார்கள் என்று ஓர் உணவக உதவி மேலாளர் தொடுத்த வழக்கில், 1866-ஆம் ஆண்டுச் சட்டமும் பழிவாங்கலைத் தடுக்கும் என்று 2008-ல் அதே நீதிமன்றம் உறுதிசெய்தது.

எச்-1பி விசாவில் இருக்கும் இந்திய ஊழியருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனாலும் வேலை போனால், வேறு வழி தேட அதிகபட்சம் 60 நாட்களே கிடைக்கும். ஆகவே அத்தகையவர் புகாருக்கு முன் வழக்கறிஞரைக் கலந்துகொள்வது விவேகம். தன்னுடைய பணி மதிப்பீட்டு அறிக்கைகளின் நகல்களை முறைப்படி பெற்றுவைப்பதும் நல்லது.

8. விதிகளைக் கேள்வி கேட்டல்

ஒருவருக்கு நியாயம் கிடைத்தாலும் விதி மாறாவிட்டால் அடுத்தவர் அதே சுவரில் முட்டுவார். வேலை காலியிடங்களை எல்லோருக்கும் அறிவித்தல், எல்லா விண்ணப்பதாரரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டல், அளவுகோல்களை முன்கூட்டியே எழுதிவைத்தல் ஆகியவற்றை எந்த ஊழியரும் வலியுறுத்தலாம். இனத்தைப் பார்த்து இடம் ஒதுக்கக் கோருவது இதில் சேராது. பெரும்பான்மையினர், சிறுபான்மையினர் என்ற வேறுபாடின்றிச் சட்டம் எல்லோருக்கும் ஒரே அளவில் பொருந்தும் என்பதை 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மீண்டும் சொன்னது.

இந்தப் படிக்கு முன்னோடி, வட கரோலினாவின் டான் ரிவர் மின்நிலையம். அங்கே கறுப்பினத்தவருக்குக் கூலிப் பிரிவில் மட்டுமே வேலை. அதன் மிக உயர்ந்த சம்பளம், பிற பிரிவுகளின் மிகக் குறைந்த சம்பளத்தைவிடக் குறைவு. ஏழாம் பகுதி நடைமுறைக்கு வந்த 1965 ஜூலை 2-ஆம் நாளன்றே, மற்ற பிரிவுகளில் புதிதாகச் சேருவோருக்கு இரண்டு தேர்வுகளை நிறுவனம் கட்டாயமாக்கியது. அங்கிருந்த 14 கறுப்பினத் தொழிலாளர்களில் 13 பேர் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் கேட்டது, இந்தத் தேர்வுகள் இந்த வேலைக்கு உண்மையிலேயே தேவையா என்பதே. அவை இல்லாமலே முன்பு சேர்ந்தவர்கள் அந்த வேலைகளை நன்றாகச் செய்துகொண்டிருந்தார்கள். தேவை என்று நிறுவனத்தால் காட்ட முடியவில்லை. 1971-ல் உச்ச நீதிமன்றம் தொழிலாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தக் கேள்வியைக் கேட்கச் சட்டப் படிப்பு தேவையில்லை. அடுத்த பணியாளர் தேர்வுக் கூட்டத்தில் எந்த ஊழியரும் அதை எழுப்பலாம்.